ரிவா பிளஸும் ரிவா ஸ்டூடியோ லைட்டும்

வீடு கட்டுவதற்கான படம் கீறுவது என் தொழில். ஒரு காணித்துண்டையும் கொஞ்சம் ஆசைகளையும் கொண்டு யாராவது வந்தால், அந்தக் காணிக்குள் அந்த ஆசைகள் அடங்குமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலும் அடங்காது. "ரெண்டு அறை, ஒரு சாமியறை, சமைக்க ஒரு குசினி, வெளிநாட்டில இருந்து பிள்ளையள் வந்தா நிக்கிறதுக்கு மேலால ரெண்டு அறை" என்பார்கள். மேலே ஏறப் படி வேண்டுமே என்றால், "அதை எங்கயாவது ஒரு மூலையில போடுங்கோ பிள்ளை" என்பார்கள். அந்த மூலையைத் தேடியே எனக்குத் தலைமுடி கொட்டியது.

கிளிநொச்சியில் ஒரு வீட்டுத்திட்ட அலுவலகத்தில் சில வருடங்கள் இந்த வேலையைச் செய்தேன். திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அவர்களுடைய கொம்பியூட்டரை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு, என் தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணா கனடாவில், அக்கா பிரான்சில்.

வந்து சில வாரங்களில் கொழும்பில் உள்ள ஒரு கட்டட வரைபட நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. வீட்டில் இருந்தே வேலை செய்யலாம், ஆனி மாதம் ஒரு சோதனை வைப்போம், சொந்தமாக லப்டொப் இருக்கவேண்டும், அதற்குள் படங்களுக்கென்று தனியான கிராபிக்ஸ் கார்ட் இருக்கவேண்டும் என்றார்கள். சும்மா லப்டொப்பில் அவர்களுடைய படங்களைத் திறந்தால் அது மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இந்த வேலை கிடைப்பதும் கிடைக்காததும் எனக்கு வெறும் வேலைப் பிரச்சினை இல்லை. அண்ணாவுடன் ஒரு ஒப்பந்தம் இருந்தது. "ஒரு வருசம் அங்க பார். சரிவராட்டி இஞ்ச வா, நான் எல்லாம் பாக்கிறன்" என்று அவர் சொல்லியிருந்தார். எல்லாம் என்றால் மாப்பிள்ளை. படம்கூட வந்திருந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். நான் கீறிய வீடுகள் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. பின்னேரம் சைக்கிளில் போகும்போது, இந்த யன்னலை நான்தான் கிழக்குப் பக்கம் வைக்கச் சொன்னேன், இந்த மனிதன் கேட்காமல் மேற்கில் வைத்துவிட்டு இப்போது வெயிலில் வேகிறான் என்று திட்டிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். கனடாவில் யாரைத் திட்டுவது?

லப்டொப்பை இங்கேயே வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் அப்படி நடக்காது. வெளிநாட்டில் அண்ணா இருக்கும்போது தங்கச்சி தானே போய் ஒரு லப்டொப் வாங்கினால் அது அண்ணாவை அவமதித்த கணக்கு. நான் வாய் திறக்கமுதலே அம்மா தொலைபேசியில் அண்ணாவிடம் சொல்லிவிட்டார். அண்ணாவும் உடனே "நான் அனுப்பிறன். அங்க வாங்காத, அங்க வாறதெல்லாம் கழிச்சுவிட்டது" என்றார். தை மாதம் அது. ஆனிக்கு நிறைய நாள் இருந்தது.

எந்த லப்டொப் என்பதில் அண்ணாவுக்கு ஒரே ஒரு கம்பனிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்களாம். கம்பனியின் பெயர் வேண்டாம். அவர்களுடைய லப்டொப் வரிசையை ரிவா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்று அந்தக் கம்பனியில் ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரிவா 4 இருந்தது. ரிவா பிளஸ் 4 இருந்தது. அது போதாதென்று ரிவா 4 பிளஸ் என்று இன்னொன்றும் இருந்தது. ரிவா ஸ்டூடியோ, ரிவா ஸ்டூடியோ லைட், ரிவா மக்ஸ் என்று அந்தக் குடும்பம் பெருகிக்கொண்டே போனது. ஒன்றின் விலையில் இன்னொன்று, ஒன்றின் திரையோடு இன்னொன்று, எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

எங்கள் குடும்பக் குழுவில் அண்ணாவின் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. வேலை இடைவேளையில் காருக்குள் இருந்து பேசுவார்.

"பிள்ளை, ரிவா 4 வேண்டாம். ரிவா பிளஸ் 4 தான் சரி. ரிவா 4 பிளஸ் எண்டு ஒண்டு இருக்கு, அது வேற. அதைப் பாத்து மயங்கிப்போடாத."

நான் எங்கே மயங்கினேன்? அடுத்த நாள் இன்னொரு பதிவு. "பிள்ளை, நேற்றுச் சொன்னதை விடு. பிளஸ் 4இல ரெண்டு விதம் இருக்காம். ஒண்டில கார்ட் இருக்கு, மற்றதில இல்லை. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்டுதான். நான் இன்னும் ஒருக்கா விசாரிக்கிறன்."

பிரான்சில் இருந்து அக்கா சேர்ந்துகொண்டார். அக்கா அண்ணாவுக்கு இளையவர், ஆனால் அண்ணா சொல்லும் எதையும் முதல் தரம் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

"அண்ணா சொல்லுற பிளஸ் இஞ்ச உதவாது. இஞ்ச பிளஸ் எண்டா திரை மட்டும்தான் பெரிசு, உள்ளுக்கு ஒண்டுமில்லை. படம் கீறுறவைக்கு ரிவா ஸ்டூடியோ லைட் தான்."

"லைட் எண்டா பாரம் குறைஞ்சது. பாரம் குறைஞ்சதுக்குள்ள கார்ட் எங்க இருக்கப்போகுது?" இது அண்ணா.

"லைட் தான் பாரம் கூட. நான் கடையில தூக்கிப் பாத்தனான். நீங்கள் போனுக்குள்ள பாத்துக் கதைக்கிறீங்கள்."

"நீ தூக்கினது லைட்டோ, ஸ்டூடியோவோ?"

அதைப் பார்க்கத்தான் அக்கா அடுத்த நாள் மீண்டும் கடைக்குப் போனார் என்று நினைக்கிறேன். மாசி போனது, பங்குனி போனது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சோறு போட்டுக் கொண்டிருக்கும்போது போன் சத்தம் போட்டால், "எடு, அண்ணா புது மொடல் கண்டுபிடிச்சிட்டான்" என்று அம்மாவே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் நகரத்தில் லப்டொப் விற்கும் கடைக்குப் போனேன். வவுனியாவில் இருந்து வந்து கடை போட்டிருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் அதை நடத்துகிறார். அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில் இருந்தே பழக்கம். ரிவாக்கள் சிலவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். விலைத்துண்டுகளை எடுத்துத் துடைத்தார். திரும்ப வைக்கும்போது எது எதற்குரியது என்று அவருக்கே தெரியவில்லை.

"நானா, இதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது புது மொடல் மிஸ். உள்ளுக்குப் போன வருசத்துச் சாமான். அது போன வருசத்து மொடல், ஆனா உள்ளுக்குப் புதுச் சாமான்."

"அப்ப எது நல்லது?"

நானா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கெண்டா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு. கம்பனிக்காரனுக்கே விளங்குதோ தெரியாது" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சோடா உடைத்துத் தந்தார்.

அன்று அங்கேயே ஒன்றை வாங்கிவிடலாம் என்று எனக்கு மனம் வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். "அவன் மனம் நோகும் பிள்ளை. பொங்கலுக்கு ஆரும் வருவினம், குடுத்துவிடுவான். கொஞ்சம் பொறன்."

பொங்கல் என்றால் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அந்தக் கிழமை, வெளிநாட்டில் இருந்து வரக்கூடியவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். நேர்த்தி வைத்தவர்கள், காவடி எடுப்பவர்கள், சும்மா வெயில் குளிக்க வருபவர்கள் எல்லோரும். வருகிற ஒவ்வொருவரின் பையிலும் பாதி அவருடைய சாமான், மீதி மற்றவர்கள் கொடுத்துவிட்டது. யாரோ ஒருவரின் மருமகளுக்கு வாசனைத் தைலம், யாரோ ஒருவரின் தகப்பனுக்குச் சப்பாத்து. கோயிலடியில் தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே இந்தக் கைமாற்றங்களும் நடக்கும்.

பொங்கலுக்கு முதல்நாள் அண்ணாவிடம் இருந்து ஒரு சின்னப் பதிவு வந்தது. "ஒரு ஐயா வாறார். கோயிலடியில சந்தி. அவரிட்ட குடுத்துவிட்டிருக்கிறன்." எந்த மொடல் என்று சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் அக்கா எனக்குத் தனியாகப் பேசினார். "ஒரு அம்மா வாறா. அவவிட்ட ஒரு சாமான் இருக்கு. அண்ணாவிட்டச் சொல்லாத."

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் விசேட பஸ்ஸில் ஒரு காலில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தேன். கோயிலடியில் போன் வேலை செய்யவில்லை. அவ்வளவு சனம் ஒரே இடத்தில் நின்றால் எந்தப் போனும் வேலை செய்யாது. கடைசியில் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் உதவி கேட்டேன். காணாமல் போன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லி முடித்துவிட்டு அவர் அறிவித்தார்: "கனடாவிலிருந்து வருகை தந்திருக்கும் ஐயா அவர்கள் கிளிநொச்சிப் பிள்ளையைச் சந்திக்க மோர்ப்பந்தலடிக்கு வரவும்."

மோர்ப்பந்தலடிக்குப் போனேன். அங்கே கனடா ஐயாக்கள் நாலு பேரும் கிளிநொச்சிப் பிள்ளைகள் ஒரு கூட்டமும் நின்றார்கள். கனடாவில் இருந்து ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்காத வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு ஐயாவிடமும் அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது ஐயா வேட்டியை இறுக்கிக்கொண்டு பையைத் திறந்தார்.

"பிள்ளை, கவலைப்படாத. பெட்டியை எறிஞ்சுபோட்டன். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எல்லாம் உரிச்சுப்போட்டன். புதுச் சாமான் எண்டு தெரிஞ்சா கஸ்டம்ஸ்காரன் பிடிப்பான் எல்லோ." சொல்லிவிட்டுப் பெருமையோடு லப்டொப்பை வெளியே எடுத்தார். பாவித்தது போலத் தெரியவேண்டும் என்று தன் பேத்தியின் வண்ணத்துப்பூச்சிகளை மூடி முழுக்க ஒட்டியிருந்தார். இளஞ்சிவப்பு, ஊதா, மினுங்கல் வேறு.

பிரான்ஸ் அம்மாவைக் கற்பூரச் சட்டிக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். அவர் லப்டொப்பை ஒரு குளியல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதுவும் பெட்டி இல்லாமல், ஸ்டிக்கர் இல்லாமல்தான். "கஸ்டம்ஸில கேட்டா என்ர லப்டொப், நான் நாடகம் பாக்கிறனான் எண்டு சொல்லச் சொன்னவா உங்கட அக்கா. பிளேனுக்குள்ள இருந்து பாடமாக்கினனான். ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

அன்றிரவே பார்க்கும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை, உடம்பில்தான் தெம்பு இல்லை. காலையில் இரண்டையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தை தொடங்கி வைகாசி வரை பெயருக்காக அடிபட்டோம். வந்து சேர்ந்த இரண்டில் ஒன்றிலும் பெயர் இல்லை. உரித்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுத்தது. நீளம் ஒன்று, அகலம் ஒன்று, நிறம் ஒன்று. அக்கா அனுப்பியதில் விசைப்பலகை எழுத்துகள் மட்டும் பிரெஞ்சுக்காரர் முறைப்படி இடம் மாறிக் கிடந்தன. என் பெயரை அடித்தால் வேறு யாருடைய பெயரோ வந்தது.

எது எந்த மொடல் என்று தெரியாமல் கொழும்புக்கு என்ன சொல்வது? இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் வண்ணத்துப்பூச்சிகளைக் காணாதது போல நடந்துகொண்டார், நல்ல மனிதர். இரண்டையும் திறந்து, உள்ளே பதிந்திருந்த இயந்திர எண்ணைப் பார்த்து, அதை இணையத்தில் தேடினோம். கனடாவில் அந்த எண்ணுக்குப் பெயர் ரிவா பிளஸ் 4. பிரான்சில் அதே எண்ணுக்குப் பெயர் ரிவா ஸ்டூடியோ லைட். உள்ளே ஒரு ஆணி வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கார்ட் இருந்தது.

நானா மேசையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "மிஸ், உங்கட அண்ணனும் அக்காவும் ஒரே சாமானுக்கே இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சவை?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர்கள் ஆளுக்கு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இழுத்த இழுவையில், சோதனைக்கு லப்டொப் வராமலே போய்விடுமோ என்று நான் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன். ஆனியில் கொழும்பில் இருந்து சோதனைப் படம் வந்தது. படிகள், மாடங்கள் எல்லாம் வைத்த ஒரு பெரிய விடுதிக் கட்டடம். வண்ணத்துப்பூச்சி லப்டொப்பில் திறந்தேன். சுற்றிச் சுற்றித் திருப்பினேன். மூச்சுத் திணறவில்லை. படிக்கட்டில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினேன். மூலையில் படி வைப்பதில் என்னை விட அனுபவம் யாருக்கு இருக்கும்? வேலை கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒன்றாக அழைத்தேன். திரையில் ஒரு பக்கம் அண்ணா, ஒரு பக்கம் அக்கா, என் பக்கத்தில் அம்மா. வேலை கிடைத்ததைச் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்பட்டு முடியும் வரைகூடக் காத்திருக்காமல் வெடித்தேன்.

"ரெண்டும் ஒண்டுதான்! ஒரே சாமான், ரெண்டு பெயர். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சு எனக்கு விசர் பிடிக்க வைச்சீங்கள். எப்ப வாங்கப்போறீங்கள், எப்ப வாங்கப்போறீங்கள் எண்டு நான் இஞ்ச செத்துக்கொண்டிருந்தனான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் பங்குனியிலயே வாங்கிப்போட்டன். கொண்டு வர ஆள் கிடைக்கேல்லை. அண்ணா எப்பிடியும் பிழையா வாங்குவார் எண்டு தெரியும்."

அண்ணா சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அண்ணிதான் தலையை நீட்டினார். "உவர் மாசியிலயே வாங்கிப்போட்டார். கட்டிலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் வேற மொடல் பாத்து உங்களுக்கு வொய்ஸ் போட்டவர்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தார்.

"ஏன் அண்ணா? இடையில எத்தினை பேர் வந்தவை. குடுத்துவிட்டிருக்கலாமே?"

"குடுத்துவிட்டா நீ இனி வரமாட்டாய் எண்டு தெரியும்" என்றார் அண்ணா. "அதுதான், வேற மொடல் இருக்கோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." என் பக்கம் திரும்பினார். "பிறகு யோசிச்சனான். நீயெண்டாலும் அங்க இரு. நாங்கள் ரெண்டு பேரும் வெளியில வந்தது போதும்."

அம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். திரையில் ஒரு தூசியும் இருக்கவில்லை.

"சரியான மொடல் தானே?" என்று அண்ணா கேட்டார்.

"ஓம் அண்ணா. சரியான மொடல்."

இப்போது வேலை நன்றாகவே போகிறது. வண்ணத்துப்பூச்சிகளை உரிக்கவில்லை, உரித்தால் பசை பிசுபிசுக்கும். பிரெஞ்சு லப்டொப் அம்மாவின் வசம் குசினியில் இருக்கிறது. அவருக்கு எழுத்துத் தேவையில்லை, பிள்ளைகளின் முகங்கள் பெரிதாகத் தெரிந்தால் போதும். முதல் சம்பளம் வந்த மாதம் எங்கள் சொந்த வீட்டுக்கு நானே ஒரு படம் கீறினேன். பின்பக்கத்தில் ஒரு அறை, கிழக்கே யன்னல். போனதில் இருந்து ஒரு தடவையும் ஊருக்கு வராத அண்ணாவுக்கு. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லியே தலை நரைத்துவிட்ட மனிதர். படத்தை அனுப்பியபோது, "அறை முடியட்டும், வாறன்" என்றார்.

அறை முடிந்தது. போன கிழமை குரல் பதிவு ஒன்று வந்தது. கார் கதவு மூடும் சத்தம், பிறகு அண்ணா: "பிள்ளை, எனக்கு இப்ப உந்த வெக்கை தாங்காது. அறைக்கு ஏசி போடவேணும். அவசரப்பட்டு வாங்கிப்போடாத. இன்வேட்டர் எண்டு ஒண்டு இருக்கு, இன்வேட்டர் பிளஸ் எண்டு ஒண்டு இருக்கு. நான் ஆறுதலா விசாரிச்சுச் சொல்லுறன்."

எனக்கு இந்த ஆறுதலான விசாரணை தெரியும். கேட்டு முடித்ததும் பஸ் ஏறி நானாவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய், முதலில் கண்ணில் பட்ட ஏசியை வாங்கி, அடுத்த நாள் பின்னேரத்துக்குள் அறைச் சுவரில் பொருத்திப் பூட்டுவித்தேன். மொடல் பெயரை நான் பார்க்கவில்லை, படத்தில் அவர் பார்க்கக்கூடாது என்று அந்த ஸ்டிக்கரையும் உரித்துவிட்டேன். பிறகு படம் எடுத்துக் குழுவில் போட்டுக் கீழே எழுதினேன்: "பூட்டியாச்சு அண்ணா. வாங்கோ."